கையிலிருந்து கைக்கு: கிரிமிய முஸ்லிம்களும் ஒரு டைப்ரைட்டர் சங்கிலியும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு செய்தி நமது போனுக்கு வருகிறது. யார் எழுதியது என்று இல்லை. எந்த ஊரில், எந்தத் திகதியில், யாருக்கு நடந்தது என்றும் இல்லை. அனுப்பியவரைக் கேட்டால், "எனக்கும் ஒரு குரூப்பில்தான் வந்தது" என்கிறார். அதற்குள் நாமும் அதை ஐந்து குரூப்புக்கு அனுப்பியிருப்போம். இன்று நம்மிடம் இருக்கும் செய்திச் சங்கிலி இதுதான்.

இதே போல, எழுதியவர் பெயர் இல்லாமல், கையிலிருந்து கைக்குப் போன ஒரு செய்திச் சங்கிலி சோவியத் ஒன்றியத்தில் 1968 முதல் 15 ஆண்டுகள் இயங்கியது. உலகின் மிகப் பெரிய உளவு நிறுவனங்களில் ஒன்றான கே.ஜி.பி. அதை அறுக்கப் பாடுபட்டது. இன்று அந்தத் தாள்களை வரலாற்றாசிரியர்கள் ஆதாரமாக எடுத்துப் பேசுகிறார்கள். நமது பார்வர்ட் செய்திகளை நாளைக்கு யாராவது அப்படி எடுப்பார்களா?

இரண்டுமே பெயரில்லாத சங்கிலிகள். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு முஸ்லிம் சமூகத்தின் கதையும் இதற்குள் இருக்கிறது. நமது பாடப் புத்தகங்களில் அநேகமாக இடம்பெறாத கதை அது.

■ 1944 மே 18

கருங்கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம் கிரிமியா. 15ஆம் நூற்றாண்டு முதல் 1783 வரை அங்கே தாத்தாரிய முஸ்லிம்களின் கான் ஆட்சி இருந்தது. பாக்சிசராய் அவர்களது தலைநகரம். 1783இல் ரஷ்யப் பேரரசு அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதன் பிறகு பல அலைகளாக மக்கள் துருக்கிப் பக்கம் போனாலும், ஒரு பெரும் பகுதியினர் மண்ணை விடாமல் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியப் படை கிரிமியாவைப் பிடித்தது. 1944 மே மாதம் செம்படை அதை முழுமையாக மீட்டது. செவாஸ்தபோல் நகரம் மீட்கப்பட்டது மே 9ஆம் திகதி. இரண்டே நாள் கழித்து, மே 11ஆம் திகதி, ஸ்டாலின் ஓர் உத்தரவில் கையொப்பமிட்டார். கிரிமியத் தாத்தாரியர் முழுப்பேரும் எதிரிக்கு உதவிய துரோகிகள், அவர்களை உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்புங்கள் என்பதே அந்த உத்தரவு.

எதிரியுடன் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் செம்படையில் போரிட்ட தாத்தாரியரும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இரண்டு தடவை 'சோவியத் ஒன்றிய வீரர்' பட்டம் பெற்ற விமானி அமெத்கான் சுல்தானின் தாய் கிரிமியத் தாத்தாரியர். போர்முனையில் இருந்த சிப்பாய்கள் பதக்கங்களோடு திரும்பி வந்து, தங்கள் குடும்பங்களைத் தேடி உஸ்பெகிஸ்தானுக்குப் போக வேண்டியிருந்தது. சிலர் செய்ததற்கு ஒரு சமூகம் முழுக்கத் தண்டனை அனுபவித்தது. இந்த வசனம் நமக்குப் புதியது இல்லை.

மே 18 விடியப்புறம் சிப்பாய்கள் கதவைத் தட்டினார்கள். பல குடும்பங்களுக்குக் கிடைத்தது 15 நிமிடம். மூன்று நாளுக்குள் ஏறத்தாழ 190,000 பேர் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். ஆண்கள் பலர் படையில் இருந்ததால், ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். வழியில் மௌத்தானவர்களுக்கு முறையான ஜனாஸாகூட இல்லை. பாதை ஓரத்தில் விட்டுவிட்டு ரயில் போனது.

போய்ச் சேர்ந்த இடத்தில் பசியும் மலேரியாவும் காத்திருந்தன. முதல் சில ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. சோவியத் அதிகாரிகளின் கணக்கு ஒன்று. பின்னாளில் தாத்தாரியர் தாமே வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு மற்றது. இரண்டாவது கணக்கின்படி, 46 சதவீதத்தினர் இறந்துவிட்டார்கள். அதிகாரிகளின் கணக்கு அதைவிடக் குறைவு. எது சரி என்பதை விட, அந்த இரண்டாவது கணக்கு ஏன் எடுக்கப்பட்டது, எப்படி எடுக்கப்பட்டது என்பதே இந்தப் பதிவுக்கு முக்கியம். அதற்குப் பிறகு வருவோம்.

■ பெயரே இல்லாத மக்கள்

ஸ்டாலின் 1953இல் இறந்தார். 1956இல் குருஷேவ் தனது புகழ்பெற்ற இரகசிய உரையில், நாடுகடத்தப்பட்ட சில சமூகங்களின் பெயரைச் சொல்லி, அது அநீதி என்றார். செச்சென், இங்குஷ், கராச்சாய், பல்கார், கல்மிக் மக்கள் ஊர் திரும்பினார்கள். கிரிமியத் தாத்தாரியரின் பெயர் அந்த உரையில் இல்லை. 1956 ஏப்ரலில் அவர்கள் மீதான விசேட கண்காணிப்பு நீக்கப்பட்டது. ஆனால் ஊர் திரும்ப உரிமை இல்லை, இழந்த சொத்தும் இல்லை.

1967 செப்டெம்பரில் இன்னோர் ஆணை வந்தது. சமூகம் முழுக்கத் துரோகி என்ற பழி நீக்கப்பட்டது. ஆனால் அந்த ஆணை அவர்களைக் 'கிரிமியத் தாத்தாரியர்' என்று அழைக்கவில்லை. 'முன்பு கிரிமியாவில் வாழ்ந்த தாத்தாரிய இனப் பிரஜைகள்' என்றே சொன்னது. அப்படி ஒரு தனி மக்கள் இல்லை என்பதே அதன் கருத்து. ஆணையை நம்பி கிரிமியாவுக்குப் போனவர்களுக்கு வதிவிடப் பதிவு கொடுக்கப்படவில்லை. பதிவு இல்லாவிட்டால் வேலை இல்லை, வீடு இல்லை. பலர் திரும்பவும் வெளியேற்றப்பட்டார்கள். ஊர்களின் தாத்தாரியப் பெயர்களும் போருக்குப் பிறகே மாற்றப்பட்டிருந்தன.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பத்திரிகை அரசாங்கத்துடையது. வானொலியும் அரசாங்கத்துடையது. தபால் பிரித்துப் பார்க்கப்படும், தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படும். அச்சகமோ போட்டோக்கொப்பி இயந்திரமோ தனி ஆளின் கைக்கு எட்டாது. தாஷ்கண்டில் நூறு பேரைக் கைது செய்தால், பக்கத்து நகரத்துக்குக்கூடத் தெரியாமல் வைத்திருக்க அந்த அரசாங்கத்தால் முடிந்தது.

■ தாத்தாரியர் கட்டிய வலை

1960களில் உஸ்பெகிஸ்தானின் ஊர்களிலும் நகரங்களிலும் தாத்தாரியர் இருந்த இடங்களில் சிறு சிறு முன்முயற்சிக் குழுக்கள் உருவாகின. பதிவு செய்த சங்கம் இல்லை, தலைமையகம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. ஓர் ஊரில் சில பேர், நம்பிக்கையான குடும்பங்கள், அவ்வளவுதான். அந்தக் குழு தனது ஊரில் கையொப்பம் சேர்க்கும், காசு சேர்க்கும். அந்தக் காசில் ஒருவரை மொஸ்கோவுக்கு அனுப்பும். அவர் கையில் ஊர்மக்கள் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் இருக்கும்.

மொஸ்கோ போன பிரதிநிதிகள் அங்கே ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். மனுக் கொடுப்பார்கள். யாரைச் சந்தித்தோம், என்ன பதில் கிடைத்தது, யார் கைது என்று எழுதித் 'தகவல் தாள்' ஒன்றை டைப் செய்து ஊர்களுக்கு அனுப்புவார்கள். ஒருவர் பிடிபட்டால் அல்லது திருப்பி அனுப்பப்பட்டால், ஊர் இன்னொருவரை அனுப்பும். 1966இல் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டுக்கு அவர்கள் கொடுத்த மனுவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. அன்றைய சோவியத் ஒன்றியத்தில் வேறு எந்த இயக்கத்தாலும் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மேலே சொன்ன இறப்புக் கணக்கும் இப்படித்தான் எடுக்கப்பட்டது. அரசாங்கம் கணக்குக் காட்டாதபோது, குழுக்கள் வீடு வீடாகப் போய், 1944இல் உங்கள் வீட்டில் எத்தனை பேர், யார் யார் இறந்தார்கள் என்று கேட்டு எழுதின. செய்தியை மேலே கொண்டுபோன அதே வலை, மக்களின் நினைவையும் திரட்டிக் கொடுத்தது.

இந்த வலையில் ஒரு குறையும் இருந்தது. செய்தி தாத்தாரியருக்குள்ளேயே சுற்றியது. ரஷ்யர்களுக்கும் உக்ரைனியர்களுக்கும் வெளி உலகத்துக்கும் அது அதிகம் போகவில்லை. அந்தச் சுவர் உடைந்த கதை அடுத்தது.

■ 1968 ஏப்ரல் 30

மொஸ்கோ வந்த தாத்தாரியப் பிரதிநிதிகளுக்குச் சில நண்பர்கள் கிடைத்தார்கள். எழுத்தாளர் அலெக்ஸி கொஸ்தெரின் ஒருவர். படையில் ஜெனரலாக இருந்து பதவி பறிக்கப்பட்ட பியோத்தர் கிரிகரென்கோ இன்னொருவர். 1968 மார்ச் 17ஆம் திகதி, கொஸ்தெரினின் பிறந்தநாளை ஒட்டித் தாத்தாரியர் நடத்திய விருந்தில் கிரிகரென்கோ பேசினார். உங்களுடையதை நீங்கள் கெஞ்சிக் கேட்கிறீர்கள், உரிமையாகக் கேளுங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம்.

அடுத்த மாதம், ஏப்ரல் 21ஆம் திகதி, தாஷ்கண்டுக்குப் பக்கத்திலுள்ள சிர்ச்சிக் நகரில் தாத்தாரியர் ஒன்றுகூடினார்கள். பொலிஸ் தண்ணீர் பாய்ச்சியும் அடித்தும் கலைத்தது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். சோவியத் பத்திரிகைகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதே மாதம் 30ஆம் திகதி, மொஸ்கோவில் நதாலியா கர்பனேவ்ஸ்கயா என்ற பெண் கவிஞர் தனது டைப்ரைட்டரில் ஒரு சிறிய தொகுப்பை அடித்து முடித்தார். 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்று அதற்குப் பெயர். 1968ஐ ஐ.நா. சபை மனித உரிமை ஆண்டாக அறிவித்திருந்ததால், முகப்பில் அதுவும் குறிக்கப்பட்டது. கருத்துச் சுதந்திரம் பற்றிய 19ஆம் உறுப்புரையும் இருந்தது. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி.

இந்தக் குறிப்பேட்டுக்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் ஒன்று கிரிமியத் தாத்தாரியரின் தகவல் தாள். பெரிய பெரிய அறிஞர்கள் இருந்த மொஸ்கோ, உஸ்பெகிஸ்தானின் பருத்தி வயல்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த மக்களிடம் இருந்து இந்த முறையைப் படித்துக்கொண்டது. வரலாறு படிப்பிக்கும் நாம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

■ சங்கிலி எப்படி வேலை செய்தது?

மெல்லிய தாள்களுக்கு நடுவில் காபன் தாள் வைத்து டைப் செய்தால், ஒரு தடவையில் ஆறேழு பிரதி கிடைக்கும். கடைசிப் பிரதி மங்கலாக இருக்கும், ஆனாலும் வாசிக்கலாம். ஆசிரியர் அடிக்கும் முதல் பிரதிகள் நம்பிக்கையான சிலருக்குப் போகும். வாங்கியவர் வாசித்துவிட்டு, தானும் காபன் வைத்து ஆறு பிரதி அடிப்பார். அதை ஆறு பேருக்குக் கொடுப்பார். அவர்களும் ஆளுக்கு ஆறு அடித்தால் 36. அடுத்த சுற்றில் 216. அச்சகமே இல்லாமல் ஒரு பத்திரிகை வளர்கிறது. ஒவ்வொரு வாசகரும் ஓர் அச்சகம்.

கே.ஜி.பி. ஒரு வீட்டைச் சோதித்தால் கிடைப்பது ஒரு பிரதி, ஒரு டைப்ரைட்டர். அதனால் மற்றப் பிரதிகள் நிற்காது. ஒருவரைப் பிடித்து விசாரித்தால், தனக்குத் தந்தவரையும் தான் கொடுத்த சிலரையும் தவிர வேறு யாரையும் அவருக்குத் தெரியாது. தெரியாததை எந்த அடியும் வெளியே எடுக்காது.

இதுவரை சொன்னது செய்தி வெளியே போகும் வழி. உள்ளே வரும் வழிதான் இந்த அமைப்பின் உண்மையான கெட்டித்தனம். குறிப்பேட்டுக்கு முகவரி கிடையாது. அப்படியென்றால், எங்கோ ஒரு நகரத்தில் நடந்த கைதை வாசகர் எப்படித் தெரிவிப்பது? 5ஆவது இதழ் அதற்கு வழி சொன்னது. உங்களுக்கு இந்தத் தாளைத் தந்தவரிடம் சொல்லுங்கள். அவர் தனக்குத் தந்தவரிடம் சொல்வார். இப்படியே அது ஆசிரியரிடம் வந்து சேரும். ஆனால் நீங்களே அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆள் வரை தேடிப் போகாதீர்கள், போனால் உங்களை உளவாளி என்று நினைப்பார்கள்.

தாள் போன அதே பாதையில் செய்தி திரும்பி வருகிறது. புதிதாக ஒரு பாதை தேவையில்லை. யாரும் யாரையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ளத் தேவையில்லை. உள்ளே நுழைய நினைக்கும் உளவாளி முதலில் செய்வது, "இது எங்கிருந்து வருகிறது, யார் நடத்துகிறார்" என்று கேட்பதுதான். இங்கே அந்தக் கேள்வியே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நமக்கு இதை வாசிக்கும்போது ஹதீஸ் கலையின் இஸ்னாத் ஞாபகம் வராமல் இருக்காது. இன்னாரிடம் இருந்து இன்னார் கேட்டார் என்று அறிவிப்பாளர் சங்கிலியை வெளிப்படையாகச் சொல்லி, ஒவ்வொருவரின் நேர்மையையும் ஞாபக சக்தியையும் எடைபோட்ட மரபு நமது. இங்கே பெயர்களைச் சொல்ல முடியாது, சொன்னால் சிறை. ஆனாலும் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்திய கண்ணியை நேரில் அறிந்திருந்தது. "எங்கிருந்தோ வந்தது" என்று சொல்ல யாருக்கும் இடம் இருக்கவில்லை.

■ பிழை எப்படித் திருத்தப்பட்டது?

கையால் திரும்பத் திரும்ப டைப் செய்யும்போது பிழை ஏறும். ஒரு பெயரின் எழுத்து மாறும். திகதி பிசகும். வாய்வழி வந்த செய்தியில் மிகையும் சேரும். நமது ஊர்க் கதைகள் ஐந்தாவது வீட்டுக்குப் போகும்போது எப்படி ஆகும் என்று நமக்குத் தெரியும்தானே.

குறிப்பேடு இதை மூன்று விதமாகச் சமாளித்தது. முதலாவது, மொழி. திட்டு இல்லை, அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. இன்ன திகதி, இன்ன நகரம், இன்னாரின் வீடு சோதிக்கப்பட்டது, இவை எடுக்கப்பட்டன. அவ்வளவுதான். இரண்டாவது, பகுதிகள். கைதுகள், சோதனைகள், விசாரணைகள், சிறை முகாம் செய்திகள், மத நம்பிக்கையாளர் மீதான கெடுபிடி, கிரிமியத் தாத்தாரியரின் இயக்கம் என்று தனித்தனியாக. மூன்றாவது, திருத்தம். முந்திய இதழில் பிழை இருந்தால், அடுத்த இதழில் அதை வெளிப்படையாகத் திருத்தினார்கள். பிழையான செய்தி போன அதே சங்கிலியில் திருத்தமும் போனது.

பெயர் இல்லாத ஒரு தாளை மக்கள் நம்பியது இதனால்தான். ஆசிரியர் யார் என்று தெரியாவிட்டாலும், அவர் பிழையை ஒத்துக்கொள்ளும் மனிதர் என்று தெரிந்திருந்தது.

சிறை முகாம்களில் இருந்தும் செய்தி வந்தது. மெல்லிய தாளில் மிகப் பொடி எழுத்தில் எழுதி, சுருட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றி, விழுங்கும் அளவுக்குச் சிறிதாக்கிக் கொண்டுவந்தார்கள். ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கலாம் என்று சந்தேகித்த வீடுகளில், முக்கியமான பெயர்களை வாயால் சொல்லாமல், பிள்ளைகள் விளையாடும் அழித்தெழுதும் பலகையில் எழுதிக் காட்டி, உடனே அழித்தார்கள். வெளிநாடு போன பிரதிகள் அச்சாகின. 1971 முதல் சர்வதேச மன்னிப்புச் சபை ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. வெளிநாட்டு வானொலிகள் அதை ரஷ்ய மொழியில் வாசித்தன. அலைவரிசையை இரைச்சலால் மறைத்தாலும், சைபீரியாவில் ஒருவர் காதைக் கூர்மையாக்கி, பக்கத்து நகரத்துக் கைதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிர்ச்சிக்கில் நடந்ததை மறைக்க முடிந்த காலம் முடிந்துவிட்டது.

■ அறுந்த இடம்

இது வெற்றிக் கதை மட்டும் இல்லை. கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும்.

1968 ஓகஸ்ட் 25ஆம் திகதி, செக்கோஸ்லோவாக்கியா மீதான படையெடுப்பை எதிர்த்து மொஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் அமர்ந்தார்கள். கர்பனேவ்ஸ்கயா தனது மூன்று மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அதில் கலந்துகொண்டார். 1969 டிசம்பரில் அவர் கைதானார். நல்ல புத்தியோடு இருந்த அந்தத் தாயை மனநோயாளி என்று சொல்லி கசான் நகரத்து விசேட மனநல வைத்தியசாலையில் அடைத்தார்கள். 1972இல்தான் விடுதலை. கிரிகரென்கோ 1969 மே மாதம் தாத்தாரியர் வழக்குக்காகத் தாஷ்கண்ட் போனபோது பிடிக்கப்பட்டார். அவருக்கும் அதே 'வைத்தியம்'. ஐந்து ஆண்டுகள்.

குறிப்பேடு நிற்கவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார்.

1972இல் கே.ஜி.பி. வேறு வழியில் வந்தது. பியோத்தர் யாக்கீர், விக்டர் கிராசின் என்ற இருவரைக் கைது செய்தது. யாக்கீரின் வீடு பலரும் வந்து சந்திக்கும் இடம். அவருக்கு ஏராளமானவர்களைத் தெரியும். அவருடைய தந்தை 1937இல் ஸ்டாலினால் சுட்டுக் கொல்லப்பட்ட படைத் தளபதி. 14 வயதிலேயே சிறைக்குப் போன மனிதர். விசாரணையில் இருவரும் உடைந்துபோனார்கள், பெயர்களைச் சொன்னார்கள். 1973 செப்டெம்பரில் தொலைக்காட்சியில் தோன்றித் தங்கள் செயலைத் தாங்களே கண்டித்தார்கள். அந்த இருவரை வீட்டில் இருந்துகொண்டு நாம் குறை சொல்லக் கூடாது. ஆனால் பாடத்தை எடுக்க வேண்டும். எல்லோரையும் தெரிந்த ஓர் ஆள் நடுவில் இருந்தால், அது சங்கிலி இல்லை, சிலந்தி வலை. நடுவைப் பிடித்தால் எல்லாம் ஆடும்.

அதோடு கே.ஜி.பி. இன்னொன்றும் சொல்லி அனுப்பியது. இனி ஓர் இதழ் வந்தால் கைதுகள் நடக்கும், கைதாகிறவர் அதைச் செய்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. பணயக் கைதி முறை. எந்த இரகசிய ஏற்பாடும் இதற்கு மருந்து இல்லை. நாம் எழுதுகிறோம், சம்பந்தமே இல்லாத இன்னொரு தாய் சிறைக்குப் போகிறார் என்றால், மனச்சாட்சி உள்ளவர் என்ன செய்வார்? 1972 ஒக்டோபரில் வந்த 27ஆவது இதழோடு குறிப்பேடு நின்றது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் மௌனம்.

■ முகத்தைக் காட்டிய மூவர்

1974 மே 7ஆம் திகதி. உயிரியல் ஆய்வாளர் செர்கேய் கொவல்யோவ், கணிதம் படித்த தத்தியானா வெலிகனோவா, மொழியியலாளர் தத்தியானா கொதரோவிச் ஆகிய மூவரும் வெளிநாட்டுப் பத்திரிகையாளரை அழைத்து, 28, 29, 30ஆம் இதழ்களைக் கையில் கொடுத்தார்கள். இதை விநியோகிக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம் என்று தங்கள் பெயரில் கையொப்பமிட்டார்கள்.

முதல் பார்வைக்கு இது பைத்தியக்காரத்தனம் போல இருக்கும். மறைந்திருந்து நடத்திய ஒன்றுக்கு, தாமாகப் போய்ப் பெயர் கொடுப்பதா? ஆனால் யோசித்துப் பாருங்கள். பொறுப்பாளி யார் என்று அரசாங்கம் தேட வேண்டியதில்லை, இதோ நாங்கள். வேறு யாரையும் பணயமாகப் பிடிக்கக் காரணம் சொல்ல முடியாது. டைப் செய்கிறவர், செய்தி கொண்டு வருகிறவர், சிறையில் இருந்து தாள் கடத்துகிறவர் எல்லோரும் மறைவில் இருப்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் வெளிச்சத்தில் நிற்பார்கள். பலவீனமானவர்களை மறைத்து, தாங்கக்கூடியவர்கள் முன்னால் வந்து நின்றார்கள்.

பத்து நாள் கழித்து 31ஆவது இதழின் திகதி: 1974 மே 17. மறுநாள் நாடுகடத்தலின் 30ஆவது ஆண்டு நிறைவு. அந்த இதழ் கிரிமியத் தாத்தாரியருக்கே ஒதுக்கப்பட்டது. முன்மாதிரி தந்த மக்களுக்குக் குறிப்பேடு தனது கடனைத் திருப்பிக் கொடுத்தது என்றே நாம் வாசிக்கிறோம்.

விலை வந்தது. கொவல்யோவ் 1974 டிசம்பரில் கைது. ஓராண்டு கழித்து லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் வழக்கு. குறிப்பேட்டில் வந்தது அவதூறு என்று நிரூபிக்க அரச தரப்பு அதன் செய்திகளை ஒவ்வொன்றாகத் தோண்டியது. அவருக்கு ஏழு ஆண்டு முகாம், மூன்று ஆண்டு நாடுகடத்தல். 1975 டிசம்பர் 10ஆம் திகதி ஒஸ்லோவில் அந்த்ரேய் சகாரோவுக்கு நோபல் சமாதானப் பரிசு கொடுக்கப்பட்டபோது, அதை மனைவி எலெனா பொன்னர் வாங்கினார். சகாரோவ் நின்றது வில்னியஸ் நீதிமன்ற வாசலில், நண்பருக்காக. வெலிகனோவா 1979 நவம்பரில் கைது. நான்கு ஆண்டு முகாம், ஐந்து ஆண்டு நாடுகடத்தல்.

தாத்தாரியர் பக்கத்தில் முஸ்தபா ஜெமிலெவ். 1943இல் கிரிமியாவில் பிறந்தவர், ஆறு மாதக் குழந்தையாக ரயில் ஏற்றப்பட்டவர். வாழ்க்கையில் திரும்பத் திரும்பச் சிறை. 1975-76இல் சிறைக்குள் 303 நாள் உண்ணாவிரதம் இருந்தார். குழாய் மூலம் பலவந்தமாக உணவு ஏற்றி உயிரைப் பிடித்து வைத்தார்கள். 1976 ஏப்ரலில் ஓம்ஸ்க் நகரில் வழக்கு நடந்தபோது, முக்கிய சாட்சியான சக கைதி, முன்பு தான் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்திலேயே மறுத்தார். அப்படியும் தண்டனை கொடுத்தார்கள். இந்த விபரங்களும் குறிப்பேட்டின் பக்கங்களில் ஏறின.

1981இல் 59ஆவது இதழ் வெளிவரும் முன்பே கைப்பற்றப்பட்டது. இலக்கத்தை மறைக்காமல் 60ஆவதை வெளியிட்டார்கள். 1983இல் கடைசி ஆசிரியர்களில் ஒருவரும் கைதானபோது சங்கிலி ஓய்ந்தது. 15 ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட இதழ்கள்.

■ பிறகு

1987 ஜூலையில் கிரிமியத் தாத்தாரியர் செஞ்சதுக்கத்திலேயே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 1989 நவம்பரில் சோவியத் உயர்சபை, நாடுகடத்தல்கள் சட்டவிரோதமானவை, குற்றமானவை என்று அறிவித்தது. இலட்சக்கணக்கானோர் கிரிமியாவுக்குத் திரும்பினார்கள். பழைய வீடுகளில் வேறு ஆட்கள் இருந்ததால், வெற்றுக் காணிகளில் குடிசை போட்டுத் தொடங்கினார்கள். ஜெமிலெவ் அவர்களது மக்கள் சபையான மெஜ்லிஸின் தலைவரானார். 2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்தபோது அவர் உள்ளே வரத் தடை விதிக்கப்பட்டது. 2016இல் மெஜ்லிஸும் தடை செய்யப்பட்டது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

■ நமக்கு என்ன?

2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும் நமது நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் நாம் பட்ட தவிப்பு நினைவிருக்கும். அப்போது நாம் தேடியது வேறு ஒரு அப். கிரிமியத் தாத்தாரியரைக் கேட்டால், முதலில் நம்பக்கூடிய ஓர் ஆளைத் தேடுங்கள் என்பார்கள். ஒவ்வொருவருக்கும் நேரில் தெரிந்த இரண்டு பேர், அந்த இரண்டு பேரிடமும் பொய் சொல்லாத நாக்கு. இது இருந்தால் தொழில்நுட்பம் எதுவாக இருந்தாலும் சங்கிலி நிற்கும். இது இல்லாவிட்டால் எந்த மறைகுறியாக்கமும் வதந்தியைத்தான் பாதுகாக்கும். கெட்டவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்று சூரா ஹுஜுராத் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. விசாரிக்கும் வேலை செய்தி தொடங்கிய இடத்துக்கு மட்டும் உரியது இல்லை. நமது கைக்கு வந்த இடத்திலும் அது நமது வேலை.

இன்னொன்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலும் இருந்து பல்லாயிரக்கணக்கானோர் அந்த மாதம் வெளியேற்றப்பட்டார்கள். அன்று வந்த முதியவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போகிறார்கள். எந்த வீட்டில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள், வழியில் யாரை இழந்தார்கள் என்று வீடு வீடாக எழுதி முடித்துவிட்டோமா? ஆய்வாளர்கள் செய்தது இருக்கிறது, அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்வானாக. ஆனால் தாத்தாரியர் ஆய்வாளர் வரும் வரை காத்திருக்கவில்லை. நம்மைத் தடுக்க இங்கே கே.ஜி.பி.யும் இல்லை. ஓ.எல். வகுப்புப் பிள்ளை ஒன்றும் ஒரு கொப்பியும் போதும்.

உம்மம்மாவிடம், வாப்பாவின் வாப்பாவிடம் கேளுங்கள். திகதி, ஊர், பெயர். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். யார் சொன்னார் என்று பக்கத்தில் எழுதுங்கள். பிழை என்று தெரிந்தால் அழிக்காமல், கீழே திருத்தம் எழுதுங்கள்.

இந்தப் பதிவிலும் திகதியோ பெயரோ பிழை என்று கண்டால், கீழே எழுதுங்கள். சரிபார்த்து, இதே இடத்தில் திருத்தமாகச் சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.